தோற்றதற்குச் சான்று

எடைகுறைப்பு அறுவை சிகிச்சைக்கு இன்சூரன்ஸில் முன் அனுமதி கேட்பதற்காகக் காகிதங்களைச் சேர்க்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு நிபந்தனை மனதுக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2019இல் நாடு முழுவதும் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட விதிகளில், உடல் பருமன் பற்றிய பத்தியில் அது வருகிறது. மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40ஐத் தொட்டிருக்க வேண்டும். 40 இல்லை, 35தான் என்றால், கூடவே பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், உறக்கத்தில் மூச்சு நின்று நின்று போகும் கடுமையான கோளாறு, கட்டுக்கு அடங்காத இரண்டாம் வகைச் சர்க்கரை ஆகியவற்றில் ஒன்று இருக்க வேண்டும். அதோடு, உடலை இவ்வளவு வருத்தாத வேறு வழிகளில் எடையைக் குறைக்க முயன்று தோற்றிருக்கவும் வேண்டும். நான் இந்த இரண்டாவது வகை. எண்டோஸ்கோப்பி, வயிற்று ஸ்கேன், எக்கோ, தைராய்டு, வைட்டமின் அளவுகள் என்று எல்லாவற்றுக்கும் ரிப்போர்ட் வந்துவிட்டது. ஒட்டிய வயர்களோடு தூங்கச் சொல்லி எடுத்த உறக்கப் பரிசோதனையின் தாள்களும் ஃபைலில் இருக்கின்றன. மணிக்கு 30 முறைக்கு மேல் மூச்சு தடைபட்டால் கடுமை என்று கணக்கு. அந்தக் கணக்கில் நான் தேறிவிட்டேன். தோற்றதற்கு மட்டும் எந்த ரிப்போர்ட்டை வைப்பது என்று தெரியவில்லை. ஓர் உடம்போடு இத்தனை வருஷம் பட்ட பாட்டில் எது முயற்சி, எது பழக்கம், எது வெறும் ஏக்கம் என்று பிரித்துத் தேதி போட்டு எழுத உட்கார்ந்தால், எழுத வருவது வேறு ஏதோ.

இன்சூரன்ஸ் மேசையில் இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். “டயட்டீஷியனைப் பாத்த சீட்டு, ஜிம் ரசீது, எடை எழுதியிருக்கிற பழைய ஆஸ்பத்திரி நோட்டு, எது இருந்தாலும் குடுங்க மேடம். நீங்க ட்ரை பண்ணீங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்.” ரசீது கிடைக்கிற முயற்சிகளைத்தான் முயற்சி என்று கொள்ள முடியும் என்பது அவளுடைய குற்றமில்லை. ஆனால் இந்த ஊரில் குண்டாக வளர்ந்த எந்தப் பெண்ணின் முயற்சிக்கு ரசீது இருக்கிறது? இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று வைத்தியத்தைப் பழமொழியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நாம். வயதுக்கு வந்த நாளிலிருந்து கொள்ளு ரசத்தின் மண்வாசம் என் நாக்கில் இருக்கிறது. வெறும் வயிற்றில் வெந்நீரும் தேனும் எலுமிச்சையும். பிறகு சாமை, வரகு. பிறகு ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்துவது. இருட்டு கலையாத தெருவில், யார் கண்ணிலும் படாமல் நடந்து முடித்துவிட வேண்டும் என்று துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்த நடை. பத்து வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாடெங்கும் பேலியோ உணவுமுறை பேச்சாக இருந்தபோது காலையில் நூறு பாதாமை எண்ணி எண்ணி மென்றிருக்கிறேன். உலை கொதிக்கிற மணம் எனக்குரியதல்ல என்று ஆன அந்த மாதங்களில், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தாலே கண் கலங்கும். எடை இறங்கத்தான் செய்தது, நிறையவே. “ஆளே மாறிட்டீங்களே” என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு ஒவ்வொரு கிலோவாக, போன வழியே திரும்பி வந்தது. அந்தக் காலத்தில் காய்ச்சலுக்குப் போன ஒரு கிளினிக்கின் சீட்டில் என் எடை எழுதியிருக்கிறது. என்னிடம் உள்ள மிக நல்ல ஆதாரம் அதுதான். ஆனால் அதை ஃபைலில் வைக்கலாமா, கூடாதா என்று நெடுநேரம் யோசித்தேன். முயன்றாள் என்பதற்கு அது சாட்சி. முயன்றால் இவளால் முடியும், அப்புறம் எதற்குக் கத்தி என்று கேட்பவருக்கும் அதுவே சாட்சி.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விண்ணப்பம் முழுவதும் நிற்கிறது. எடையைக் குறைக்கும் கட்டுப்பாடு எனக்கு இல்லாமல் போனது என்று காப்பீட்டுக்காரரிடம் நிரூபிக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் கட்டுப்பாடாக இருப்பேன் என்று மருத்துவமனைக்காரரிடம் நிரூபிக்க வேண்டும். ஒரே ஆள், ஒரே ஃபைல், அடுத்தடுத்த தாள்கள். மனநல மருத்துவரிடம் உட்கார்ந்திருந்தபோது இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. நிதானமானவர், நல்லவர். வருத்தமாக இருக்கும்போது சாப்பிடுவீர்களா, மறைத்துச் சாப்பிடுவது உண்டா, நிறுத்த முடியாமல் சாப்பிட்டதாகத் தோன்றியிருக்கிறதா என்று கேட்டார். பதில்களில் கொஞ்சம் கூடினால் உணவுக் கோளாறு என்று எழுதி ஒத்திப்போடுவார்கள் என்பதும், கொஞ்சம் குறைந்தால் நான் எதையோ மறைப்பதாகத் தோன்றும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. “வீட்ல யார் சமைக்கிறாங்க?” என்றார். நான்தான். மூன்று வேளையும், நான் சாப்பிடக் கூடாத எல்லாவற்றையும், உப்பு பார்த்து, தாளித்து, பரிமாறி, மிச்சத்தை வீணாக்க மனசில்லாமல் என்ன செய்வதென்று நின்று. அவர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். இந்தச் சிகிச்சைக்குப் போகிற பெண்களில் எத்தனை பேர் மயக்கம் தெளிந்து வீடு திரும்பிய வாரமே மற்றவர்களுக்குக் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டு, தான் மட்டும் முப்பது மில்லி கிண்ணத்தில் பருப்புத் தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கிறார்கள் என்று யாராவது கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும். சமையலறை யாருடையது என்பது மருத்துவக் கேள்விதான். அவர் அதைக் கேட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பி.எம்.ஐ. என்ற அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அதில் எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுக்கும் கணக்கை 1830களில் போட்டுப் பார்த்தவர் பெல்ஜியத்து அடால்ஃப் கெத்தலே. அவர் வானியலும் புள்ளியியலும் படித்தவர், மருத்துவர் அல்ல. சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்பதே அவருடைய தேடல். எந்தத் தனி மனிதரின் நோயையும் அளக்க அவர் புறப்படவில்லை. அந்தக் கணக்குக்கு இன்றைய பெயரை 1972இல் சூட்டியவர் அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ். அதே கீஸ்தான், இரண்டாம் உலகப் போரின் கடைசி வருஷத்தில், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கத்துக்கு அடியில் இருந்த ஆய்வுக்கூடத்தில், போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்காத 36 இளைஞர்களைத் தங்க வைத்து, 24 வாரம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தவர். போரில் பட்டினி கிடந்த ஐரோப்பாவுக்கு எப்படிச் சோறூட்டுவது என்று அறிவதற்காக அந்த இளைஞர்கள் விரும்பி ஏற்ற பட்டினி அது. நாளைக்குச் சுமார் 1,570 கலோரி கிடைத்தது. திடமாக இருந்தவர்கள் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாதவர்களாக ஆனார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். தட்டை நக்கினார்கள். கனவிலும் தின்றார்கள். சோதனை முடிந்து வேண்டிய அளவு சாப்பிட அனுமதித்த பிறகும், வயிறு புடைத்த பிறகும், பசி தணியவில்லை என்று சொன்னார்கள். இதையெல்லாம் கீஸ் 1950இல் இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதி வைத்தார். எனக்கு டயட்டீஷியன்கள் எழுதிக் கொடுத்த அட்டவணைகளில் பல 1,200 கலோரிக்கானவை. அந்த இளைஞர்களின் உடம்பும் உழைப்பும் வேறு என்று எனக்குத் தெரியும். இருந்தும், பேலியோ மாதங்களில் ராத்திரி இரண்டு மணிக்கு யூடியூபில் பரோட்டா அடிக்கிற வீடியோவைச் சத்தம் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்த என்னை, அந்த அரங்கத்துக்கு அடியில் இருந்தவர்களோடுதான் சேர்த்து வைக்கத் தோன்றுகிறது. பசி ஒரு மனிதரை என்ன செய்யும் என்று பக்கம் பக்கமாக எழுதியவர் பெயர் சூட்டிய எண் விண்ணப்பத்தின் முதல் கட்டத்தில் இருக்கிறது. அவர் எழுதிய பசி எந்தக் கட்டத்திலும் இல்லை.

எண்ணைப் பற்றி இன்னும் ஒன்று. 40, 35 என்ற எல்லைகள் 1991இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாட்டில் வகுத்தவை. நம் உடம்புக்கு அவை அப்படியே பொருந்துவதில்லை என்பதற்குப் புனே மருத்துவர் யாக்னிக் 2004இல் லான்செட் இதழில் வெளியிட்ட படத்தைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அவரும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதம், யாக்னிக்குக்கு 21.2 சதம். 2022இல் உலக அளவிலான அறுவை சிகிச்சை நிபுணர் சங்கங்களே, ஆசியர்களுக்கு 27.5 முதலே இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று சொல்லிவிட்டன. காப்பீட்டு விதி இன்னும் 35இல்தான் இருக்கிறது. என் உயரம் 157 சென்டிமீட்டர். எனக்கு 35 என்றால் 86 கிலோ சொச்சம். என்னைவிடக் கனம் குறைந்த ஒரு பெண் காத்திருக்கும் கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை அவளுடைய கண்ணைத் தொட ஆரம்பித்துவிட்டது. இரண்டு மூன்று கிலோ கூட்டிக்கொண்டு வந்தால் சுலபமாக இருக்கும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். நாற்பது வருஷம் ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்குச் சொன்ன ஒருத்தியிடம், இப்போது கொஞ்சம் தின்றுவிட்டு வா என்று சொல்வதைக் கேட்க எனக்கு நெஞ்சு அடைத்தது. ‘கட்டுக்கு அடங்காத’ சர்க்கரை என்ற நிபந்தனையும் இதே மாதிரிதான் வேலை செய்கிறது. நான் மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறவள். மூன்று மாத சராசரி அளவு ஒழுங்காக இருக்கிறது. அதனாலேயே என் சர்க்கரை விண்ணப்பத்தில் செல்லுபடியாகாது. குறட்டையும் மூச்சுத்தடையும் இல்லாதிருந்தால், ஒழுங்காக மாத்திரை போட்ட காரணத்துக்காகவே நான் தகுதி இழந்திருப்பேன். நோயைக் கவனமாகப் பார்த்துக்கொண்டவரைத் தள்ளிவைத்து, அது முற்றிப் போனவரை உள்ளே விடுகிற விதி, பணத்தை மிச்சப்படுத்துவதற்காக எழுதப்பட்டது என்றாலும் கடைசியில் மிச்சப்படுத்தப் போவதில்லை என்றே நினைக்கிறேன்.

அம்மாவுக்கு இதில் எதுவும் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு வேறொன்று புரிகிறது. “நல்லா இருக்கிற வயித்த எதுக்குடி வெட்டணும்? வாயக் கட்டினா போதாதா?” என்றாள். முதல் கேள்விக்கு என்னிடமும் பதில் முழுதாக இல்லை. ஸ்லீவ் என்று சொல்கிற முறையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள்; திரும்ப வைக்க முடியாது. புண்ணோ கட்டியோ இல்லை, எண்டோஸ்கோப்பியில் இளஞ்சிவப்பாக, ஈரமாக, மடிப்பு மடிப்பாகத் தெரிந்த ஓர் உறுப்பு அது. திரையில் அதைப் பார்த்தபோது எனக்கு அதன் மேல் கோபம் வரவில்லை. இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. வாயைக் கட்டு என்பதை வாழ்நாள் முழுவதும் கேட்டவள் நான். சொன்ன ஒருவரும் என் பசியை நம்பியதில்லை. பசியைப் பிணி என்று சொல்லி, அதைப் போக்குவதை எல்லா அறத்துக்கும் மேலாக வைத்த மரபு நம்முடையது. அமுதசுரபி ஏந்திய மணிமேகலை காப்பியத் தலைவியாக நிற்பது தமிழில்தான். வள்ளலார் 1867இல் வடலூர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அந்த அடுப்பின் முன் வந்து நிற்பவர்களாக நாம் மனதில் வரைந்துகொள்கிறவர்கள் எல்லோரும் எலும்பும் தோலுமானவர்கள். கொழுத்தவளுக்குப் பசிக்கும் என்பது யார் மனதிலும் இல்லை. அவளுக்கு இருப்பது ஆசை, நாக்கு ருசி, பெருந்தீனி. கல்யாணப் பந்தியில் என் இலையைப் பார்க்கிற கண்களுக்காகவே பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து, எல்லோரும் தூங்கிய பிறகு, அடுக்களை விளக்கைப் போடாமல் தயிர் சாதம் பிசைந்து தின்ற பசி பொய்ப்பசி இல்லை.

உடம்பின் உள்ளே நடப்பதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட விடுதலையை மறைக்க மாட்டேன். கிரெலின் என்ற பசிச் சுரப்பை 1999இல் ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள்; அது பெரும்பாலும் இரைப்பையின் மேல்புறத்தில் ஊறுவது. உணவைக் குறைத்து எடையை இறக்கினால் அந்தச் சுரப்பு கூடுகிறது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தாலும் கூடியபடியே இருக்கிறது என்று 2011இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. அமெரிக்காவில் எடைகுறைப்புப் போட்டி நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்தார்கள். சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தி, அவர்களுடைய எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. இழந்ததைத் திரும்பச் சேர்க்க உடம்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வேலை செய்கிறது. ஸ்லீவில் வெட்டி எடுக்கும் பகுதி அந்த மேல்புறத்தையும் சேர்த்ததுதான். வயிறு சிறிதாவதைவிட, பசி குறைவதுதான் எனக்கு முக்கியம். சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், முதல் மாதத்தில் ஒரு மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டதாகச் சொன்னார். சாப்பிட மறப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரு மத்தியானம் வேண்டும் என்று ஆசைப்படுவது சோம்பேறித்தனமா, குறுக்கு வழியா என்று என்னை நானே எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாகிவிட்டது. இல்லை என்றே நினைக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொள்கிறவரிடம், இன்னும் உற்றுப் பார்க்க முயன்றீர்களா என்று யாரும் சான்று கேட்பதில்லை.

பயம் இருக்கிறது. 2024இல் சென்னைப் புறநகரில் இந்தச் சிகிச்சைக்குப் போன ஓர் இளைஞர் இறந்துபோன செய்தியை அம்மா பத்திரிகையிலிருந்து கத்தரித்து வைத்திருக்கிறாள். 2025இல் எடைகுறைப்பு ஊசிகளான மௌஞ்சாரோவும் வெகோவியும் இங்கே வந்துவிட்டன. ஊசி இருக்கும்போது கத்தி எதற்கு என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். ஊசியை நிறுத்தினால் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பியதை வெகோவியின் மருந்தை வைத்து நடந்த ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். ஆயுள் முழுக்க அந்த விலையைக் கொடுக்கிற வீடு என்னுடையதில்லை. ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நெடிய ஆய்வில், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே இறப்பு சுமார் கால்பங்கு குறைந்திருந்தது. நான் சாய்வது அந்தப் பக்கம். ஆனால் அறுவை சிகிச்சையும் முடிவில்லை. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் சாகும்வரை. முடி கொட்டும் மாதங்கள் உண்டு. சிலருக்கு வருஷங்கள் கழித்து எடை மெல்ல ஏறும். ஏறினால், கத்தி வைத்தும் தோற்றவள் என்ற பெயர் காத்திருக்கிறது. அந்தப் பெயருக்கு நான் இப்போதே பயப்படுகிறேன்.

முயற்சிகளைப் பட்டியலிடும் தாளை இப்போது வேறு விதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முயற்சிக்கும் எதிரே, எவ்வளவு காலம், எவ்வளவு குறைந்தது என்பதோடு, அப்போது பசி எப்படி இருந்தது என்றும் எழுதுகிறேன். கிளினிக் சீட்டையும் வைக்கிறேன். படிக்கிறவர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். டயட்டீஷியனிடம் காட்டியபோது, அவர் தன் கடிதத்திலும் இதை ஒரு பத்தியாகச் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். அனுமதி தருகிற அதிகாரி அதைப் படிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் உடம்பைப் பற்றிய ஓர் ஆவணத்தில் முதன்முதலாக அந்தப் பசி இருக்கட்டும். அனுமதி வந்தால் இரண்டு வாரம் புரதக் கஞ்சி, ஈரல் சுருங்குவதற்காக, பிறகு தேதி. காப்பீட்டின் கணக்கு டிஸ்சார்ஜோடும் அதைத் தொட்ட சில வாரங்களோடும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிந்தைய ரத்தப் பரிசோதனைகளும் சத்து மாத்திரைகளும் என் பாலிசியில் வராது. அறுவை சிகிச்சை நிபுணரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன்: ஐந்தாவது வருஷமோ பத்தாவது வருஷமோ எடை ஏறியபடி நான் உங்கள் வாசலுக்கு வந்தால், என்ன தப்பு செய்தேன் என்று கேட்பீர்களா, பசி திரும்பிவிட்டதா என்று கேட்பீர்களா? அவர் பதில் சொன்ன பிறகுதான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவேன்.